வயிற்று வலிக்காரருக்கெல்லாம் குடிகாரப் பட்டமா?
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேல்வயிற்றில் வலி எடுத்து முதுகுவரை பாய்கிறது என்று ஒருவர் வேலைக்கு வராவிட்டால், "ராத்திரி கசிப்பு போட்டிருப்பான்" என்கிறார்கள். லயத்துக்குள்ளும் அதே பேச்சுத்தான். வாயில் சொட்டுச் சாராயம் வைக்காத பெண்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இதே வலி வருகிறதே, அதற்கு என்ன பதில்?

இரைப்பைக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. செரிமான நீரும் இன்சுலினும் அங்கேதான் சுரக்கின்றன. அந்த நீரில் டிரிப்சின் என்று ஒன்று, இறைச்சியையும் பருப்பையும் கரைப்பது. குடலுக்குப் போன பிறகுதான் அது வேலை தொடங்க வேண்டும். முந்திக்கொண்டால் அடக்க ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டைச் செய்யும் மரபணுவுக்கு ஸ்பிங்க்-1 என்று பெயர். சிலருக்குப் பிறப்பிலேயே அதில் சிறு மாற்றம் இருக்கும். பூட்டு தளர்ந்தால் கணையம் தன்னையே அரிக்கும். வருஷக்கணக்கில் தழும்பாகி உள்ளே கல் சேரும்.

கேரளத்தில் இந்த நோய் நிறையக் காணப்பட்டபோது பழி மரவள்ளிக்கிழங்கின் மேல் விழுந்தது. கிழங்கு தொடாதவர்களுக்கும் வந்தது. இந்த மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 2000ஆம் ஆண்டில்தான் தெரிந்தது. பின்னர் இந்திய நோயாளிகளைச் சோதித்த சில ஆய்வுகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அந்த மாற்றம் இருந்தது. நம் பாட்டன் பூட்டன் வந்ததும் அந்தப் பக்கமிருந்துதானே.

ஆனால் நோயில்லாதவர்களிலும் நூற்றுக்கு இரண்டு பேரளவில் அது இருக்கிறது. பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. "அந்த வீட்டு இரத்தம் சரியில்லை, பெண் எடுக்காதே" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. சாராயமும் சிகரட்டும் ஆபத்தைக் கூட்டும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்கள் இரண்டையும் தொடாதிருப்பது நல்லது.

சாப்பிட்டதும் வலி கூடுகிறதா? மலம் எண்ணெய்ப்பசையாக மிதக்கிறதா? உடம்பு மெலிகிறதா? சின்ன வயதிலேயே சீனி வருத்தமா? டிஸ்பென்சரியில் காஸ்ட்ரிக் குளிசையோடு திரும்பாமல் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள். ஸ்கேனில் கல் தெரியும். செரிமானத்துக்குக் குளிசை உண்டு, சீனிக்கு இன்சுலின் உண்டு, சிலருக்குச் சத்திரசிகிச்சையும் உதவும்.

கிளினிக் கொப்பியையும் வைத்தியச் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள்; பிரதியொன்றைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். வலியால் கொழுந்து குறைந்து அரைப் பேர் விழுந்தால், அந்தக் காகிதத்தை வைத்துத்தான் ஆபீசில் நாம் பேச முடியும். வெறும் வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது. எழுதத் தெரியாதவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொப்பியைக் கொண்டுவாருங்கள். கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.