பிள்ளை கையில் பழைய சட்டை

ஆசிரியப் பெருமக்களே, பகலெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் காடாம்புலியூர்த் தாய்மார்களே!

பழைய துணியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டு என்னை அழைத்தீர்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கடலூர்க் கரையில் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

சுனாமி அடித்ததும் நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகத் துணி வந்தது. நல்ல மனத்தோடு அனுப்பியதுதான். பிரித்துப் பார்த்தால் அழுக்கும் கிழிசலும், மீனவப் பெண்கள் உடுத்தவே முடியாத உடுப்புகளும் ஏராளம். வீட்டைக் கடல் கொண்டுபோனாலும் மானத்தைக் கொண்டுபோகவில்லையே! அவர்கள் தொடவில்லை. துணி சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. 1999-இல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, அந்தக் குவியல்களைத் தரம் பிரிக்கும் வேலையை எடுத்துச் செய்தது. உடுத்தத் தகாத துணியைப் பையாகவும் மாதவிடாய்த் துணியாகவும் மாற்றும் அமைப்பு அது. 2015-இல் அன்ஷு குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

அதே சுனாமிக்குப் பிறகு, பக்கத்திலுள்ள ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் உபாசனா நிறுவனம், தையலில் மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொண்டு விரலளவு பொம்மை செய்ய மீனவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ‘சுனாமிகா’ என்று பெயர். அதை விற்பதில்லை, அன்பளிப்பாகவே கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் கையில் அந்தப் பொம்மையைக் கொடுத்துக் கதையைச் சொல்லுங்கள். மறுசுழற்சி என்று கரும்பலகையில் எழுதுவதைவிட அது ஆழமாக இறங்கும்.

ஒரு துணியை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் பழக்க வேண்டும். துவைத்து, காயவைத்து, அறுந்த பட்டனைத் தைத்து, மடித்துக் கொடுக்கட்டும். 'இதை உனக்கு ஒருவர் கொடுத்தால் போட்டுக்கொள்வாயா?' என்று கேளுங்கள். பிள்ளை பொய் சொல்லாது.

போட முடியாத துணிக்கு நம் வீட்டிலேயே பாடம் இருக்கிறது. பாட்டியின் நூல் புடவை தூளியானது, பிறகு கரித்துணியானது, கடைசியில் விளக்குத் திரியானது. முந்திரித்தோல் எண்ணெய் பட்டால் உடம்பு புண்ணாகும் என்று வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொள்கிறீர்களே தாய்மார்களே, அதையும் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லுங்கள்.

ஆனால் எல்லாத் துணியும் திரியாகாது. பாலியெஸ்டர் உருகும், மண்ணில் மட்காது. பிள்ளையை ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பருத்தி சட்டென்று உறிஞ்சும், பாலியெஸ்டரில் பெரும்பாலும் துளி அப்படியே நிற்கும். இந்த விளையாட்டை ஒன்றாம் வகுப்பிலேயே விளையாடலாம்.

சத்துணவுத் திட்டத்தில் உள்ள பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை அரசு ஆண்டுக்கு 4 ஜோடி சீருடை தருகிறது. பிள்ளை வளர்ந்துவிடுகிறது, சட்டை வளர்வதில்லை. அளவு சிறுத்த சீருடை பரணில் கிடப்பானேன்? ஆசிரியர்களே, ஆண்டுக் கடைசியில் பள்ளியில் ஒரு மரப்பெட்டி வையுங்கள். வேண்டியவர் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளட்டும். நைந்துபோனதைப் பெரிய பிள்ளைகள் வெட்டிப் பைகளாகத் தைக்கட்டும். பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பையைப் பழக்க 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்துக்கு நம் ஊர்ப் பிள்ளைகளின் பங்காக அது இருக்கட்டும். ஊசி, நூல், பட்டன் செலவை இந்த மன்றத்து நண்பர்கள் ஏற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். தையல் தெரிந்த தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.