அணியற்றவர்க்கு அணி யார்?

(வடபகுதிக் கிராமமொன்றின் விளையாட்டுக் கழக ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் வென்ற கிண்ணங்களைப் பற்றியும் வென்றெடுத்த வீரர்களைப் பற்றியும் பேசுவதே வழக்கம். நாமோ இன்று சிறையிற் கிடந்த ஒரு வீரரைப் பற்றியும், அவரைச் சிறைமீட்ட விளையாட்டுலகைப் பற்றியும் பேச எழுந்துள்ளோம். "பந்தடிக்கிறவனுக்கு அரசியல் எதற்கு?" என்று இளைஞர்களைக் கண்டிக்கும் குரல் நம் ஊர்களிற் புதியதன்று. அக்கேள்விக்கு உலகம் கண்ட ஒரு விடையை உங்கள் முன் வைப்பதே எமது நோக்கம்.

ஹக்கீம் அல்-அராய்பி என்பவர் பஹ்ரெய்ன் நாட்டின் உதைபந்தாட்ட வீரர். 2011 இல் அந்நாட்டு மக்கள் உரிமை கேட்டு வீதிக்கு வந்தனர். அரசு அக்கிளர்ச்சியை அடக்கியபோது விளையாட்டு வீரர்களும் தப்பவில்லை. 2012 இல் ஹக்கீம் கைதானார். பொலிஸ் நிலையமொன்றைத் தாக்கினார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். அவ்வேளையில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான போட்டியொன்றில் தாம் ஆடிக்கொண்டிருந்ததாக அவர் கூறினார். காவலிற் சித்திரவதை செய்யப்பட்டதாகவும் கூறினார். 2014 இல் அவர் நாட்டில் இல்லாத நிலையிலேயே பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் அவுஸ்திரேலியாவை அடைந்து தஞ்சம் கோரினார். 2017 இல் அந்நாடு அவரை அகதியென ஏற்றுக்கொண்டது. மெல்பேண் நகரின் பாஸ்கோ வேல் என்னும் கழகத்துக்காக அவர் ஆடத் தொடங்கினார்.

2018 நவம்பர் 27 ஆம் நாள் தம் இளம் மனைவியுடன் தேனிலவுக்காகப் பாங்கொக் விமான நிலையத்தில் இறங்கியபோது அவர் கைது செய்யப்பட்டார். பஹ்ரெய்னின் வேண்டுகோளின்மேல் இன்டர்போல் என்னும் சர்வதேசப் பொலிஸ் அமைப்பு விடுத்த சிவப்பு அறிவித்தலே அதற்குக் காரணம். எந்த நாட்டுக்கு அஞ்சி ஒருவர் அகதியானாரோ, அந்நாட்டின் கோரிக்கையின்மேல் அத்தகைய அறிவித்தல் விடலாகாது என்பது அவ்வமைப்பின் சொந்த விதி. அவர் வருகையைத் தாய்லாந்துக்கு அறிவித்தவர்களோ, அவருக்குத் தஞ்சமளித்த அவுஸ்திரேலியாவின் பொலிசார்! அவர் அகதி என்பது ஒரு கந்தோருக்குத் தெரிந்திருந்தது. மறு கந்தோருக்கு அது வேளைக்கு எட்டவில்லை. காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் கந்தோர் கந்தோராக அலைந்த நமக்கு இது விளங்காத கதையன்று. சில நாள்களில் அறிவித்தல் நீக்கப்பட்டது. ஆனால் சிறைக்கதவு திறக்கவில்லை.

அன்பர்களே, இங்கேதான் விளையாட்டுலகம் வருகின்றது.

முதலில் எழுந்தவர்கள் அவருடன் ஆடிய சாதாரண மனிதர்கள். பாஸ்கோ வேல் உலகப் புகழ்பெற்ற கழகமன்று; அயலவர் கூடி நடத்தும் கழகம். நேற்று வரை தம்மோடு பந்தைப் பகிர்ந்தவன் இன்று சிறையில் என்றால், அவர்களுக்கு அவன் ஒரு செய்தியல்லன், அணியில் ஒருவன். அடுத்து எழுந்தவர் அவுஸ்திரேலிய தேசிய அணியின் முன்னாள் தலைவர் கிறெய்க் பொஸ்டர். அவர் பாங்கொக் சென்று சிறையில் ஹக்கீமைக் கண்டார். 2019 ஜனவரி இறுதியில் சூரிச் நகரிலுள்ள பீபா என்னும் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் வாயிலை அடைந்தார். தொழில்முறை வீரர்களின் சங்கங்கள் அவர் பின்னே நின்றன. ஐவரி கோஸ்டின் திதியே துரொக்பா, இங்கிலாந்தின் ஜேமி வார்டி போன்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரும் குரல் கொடுத்தனர்.

அவர்கள் பீபாவிடம் கேட்டது கருணையையன்று. மனித உரிமைகளை மதிப்போம் என 2016 இல் பீபா தன் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் எழுதிவைத்திருந்தது. "நீங்கள் எழுதிய விதியை நீங்களே நிறைவேற்றுங்கள்" என்பதே அவர்களின் வழக்கு. இது எளிய வழக்குப்போலத் தோன்றலாம். ஆனால் ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவர் அப்போது பஹ்ரெய்ன் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதை எண்ணிப் பாருங்கள். 2016 இல் அவர் பீபாவின் தலைமைக்குப் போட்டியிட்டபோது, தம் நாட்டு வீரர்கள் வதைக்கப்பட்ட காலத்தில் அவர்களைக் காக்கவில்லை என்று வெளிப்படையாகக் குறைகூறியவர்களில் ஹக்கீமும் ஒருவர். அத்தலைவர் தம்மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்தார். ஆயினும் ஆசியச் சம்மேளனம் வாய்திறக்க இரண்டு மாதங்கள் சென்றன.

சொல்லோடு அவர்கள் நிற்கவுமில்லை. அவுஸ்திரேலியாவின் 23 வயதுக்குட்பட்டோர் அணி தாய்லாந்துக்குச் செல்லவிருந்த பயணத்தைக் கைவிட்டது. அதற்கு முந்திய ஆண்டு, 2018 இல், தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் வெள்ளத்தாற் சிறைப்பட்ட பன்னிரண்டு சிறுவர்களும் பயிற்சியாளரும் மீட்கப்பட்டதை உலகமே மூச்சடக்கிப் பார்த்தது. அவர்களும் ஓர் உதைபந்தாட்ட அணியினரே. அம்மீட்பிற் பங்குகொண்ட அவுஸ்திரேலியச் சுழியோடிகள் இப்போது தாய்லாந்துப் பிரதமரிடம் ஹக்கீமுக்காக வேண்டினர். குகையிற் கிடந்தோரில் மூன்று சிறுவர்களும் பயிற்சியாளரும் எந்நாட்டுக் குடியுரிமையும் அற்றவர்கள் என்பதை எத்தனை பேர் அறிவோம்? "உன் குடியுரிமைப் பத்திரம் எங்கே?" என்று எந்தச் சுழியோடியும் நீருக்கடியில் நின்று கேட்கவில்லை. மீட்புக்குப் பின்னர், அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், அந்நால்வருக்கும் குடியுரிமை வழங்கப்பட்டது.

2019 பெப்ரவரி 4 ஆம் நாள் ஹக்கீம் காலில் விலங்குடன் நீதிமன்றுக்குக் கொண்டுவரப்பட்டார். தம்மைப் பஹ்ரெய்னுக்கு அனுப்பவேண்டாமென அவர் கூவிய குரல் உலகெங்கும் கேட்டது. பந்துதைத்த கால்களில் விலங்கைக் கண்ட பின் வாளாவிருந்தவர்களும் வாய்திறந்தனர். அவுஸ்திரேலிய அரசும் தன் பங்குக்கு முயன்றது. பெப்ரவரி 11 இல் பஹ்ரெய்ன் தன் கோரிக்கையை மீட்டுக்கொள்ள, வழக்குக் கைவிடப்பட்டது. மறுநாள் அவர் மெல்பேண் சேர்ந்தார். சிறையிற் கழிந்த நாள்கள் 76. அடுத்த மாதமே அவர் அவுஸ்திரேலியக் குடிமகனானார்.

இத்துடன் கதையை முடித்தால் கைதட்டிவிட்டு வீடு செல்லலாம். ஆனால் நாம் எழுந்தது கைதட்டல் பெறுவதற்கன்று.

ஹக்கீம் மீண்டமைக்குக் காரணம் என்ன? அவர் குற்றமற்றவர் என்பதா? குற்றமற்றோர் எத்தனையோ பேர் காவலில் கிடக்கின்றனர். அவர் அகதி என்பதா? அகதிகள் கோடிக்கணக்கானோர். அவருக்கு ஓர் அணி இருந்தது. அதனால் அவர் மீண்டார். அங்ஙனமாயின் பந்தாடத் தெரியாத அகதி என்ன செய்வான்? அவன் பெயரை எந்த அரங்கு முழங்கும்?

அவுஸ்திரேலியா 2013 ஜூலை 19 இல் ஒரு கொள்கையை அறிவித்தது. படகில் வந்து தஞ்சம் கோருவோர் எவரும் அந்நாட்டிற் குடியேற முடியாது என்பதே அது. அதன் பின் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் நவுறுத் தீவுக்கும் பப்புவா நியூகினியின் மானுஸ் தீவுக்கும் அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஈழத் தமிழரும் இருந்தனர். ஹக்கீம் மெல்பேணில் இறங்கிய அதே 2019 பெப்ரவரி 12 ஆம் நாளில், அத்தீவுகளில் நோயுற்றிருப்போரை மருத்துவர்களின் சொற்படி அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவர வழிசெய்யும் சட்டமூலத்தைப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை 75 க்கு 74 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. ஒரு வீரரை வரவேற்க விமான நிலையத்திற் கூட்டம் திரண்ட நாளிலே, பல நூறு பேரின் மருந்துக்கு ஒரேயொரு வாக்கு வித்தியாசம்! அச்சட்டமும் அவ்வாண்டு டிசம்பரில் நீக்கப்பட்டது.

இம்முரணைக் கண்டு ஒதுங்காதவர் பொஸ்டர் என்பதாலேயே அவரை நாம் போற்றுகின்றோம். ஒருவர் மீண்டதும் பணி முடிந்ததென அவர் எண்ணவில்லை. பப்புவா நியூகினி சென்று அங்கு விடப்பட்டிருந்தோரைக் கண்டார். பின்னர் "ஆட்டம் முடிந்தது" என்னும் பொருள்படும் பெயருடன் ஓர் இயக்கத்தைத் தொடக்கினார். ஆண்டுக்கு 150 அகதிகளை ஏற்போம் என்று நியூசீலாந்து 2013 ஆம் ஆண்டிலேயே முன்வந்திருந்தது. அதை ஏற்குமாறு அவ்வியக்கம் அவுஸ்திரேலிய அரசை இடைவிடாது வற்புறுத்தியது. 2022 மார்ச்சில் அரசு இணங்கியது. மூன்று ஆண்டுகளில் 450 பேர் என்பது ஏற்பாடு. ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்பே அக்கதவு திறந்தது. எத்தனை மாந்தரின் இளமை அவ்வாசலிற் கரைந்தது!

2022 ஜனவரியில் டெனிஸ் வீரர் நோவாக் ஜோக்கோவிச் நுழைவு அனுமதிச் சிக்கலால் மெல்பேணின் பார்க் ஹோட்டலில் சில நாள்கள் தடுத்து வைக்கப்பட்டார். உலகப் பத்திரிகையாளர் அனைவரும் அவ்வாசலில் கூடினர். அப்போதுதான் மேல்மாடிச் சாளரங்களில் வேறு முகங்கள் தெரிந்தன. அவை சிகிச்சைக்கென்று தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டு அறைகளில் அடைக்கப்பட்ட அகதிகளின் முகங்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைக் காவலிற் கழித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். வீரர் சென்றார், புகைப்படக் கருவிகளும் சென்றன. ஆயினும் கண்டவர்களால் காணாதவர்போல் இருக்க முடியவில்லை. அவ்விடுதியில் எஞ்சியிருந்தோர் ஏப்ரலில் விடுவிக்கப்பட்டனர்.

விளையாட்டுக் கழகம் மட்டுமே இதைச் செய்யலாம் என்பதில்லை. குவீன்ஸ்லாந்தில் பிலோயிலா என்னும் சிற்றூர் உண்டு. மாடு வளர்ப்போரும் கமக்காரரும் சுரங்கத் தொழிலாளரும் வாழும் ஊர். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அவ்வூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பமொன்றை, இரண்டு சிறு பெண்குழந்தைகளுடன், அதிகாரிகள் கொண்டு சென்றனர். ஊரார் அக்குடும்பத்தை மறக்கவில்லை. நாலாண்டுகள் விடாது கேட்டனர். 2022 ஜூனில் அக்குடும்பம் ஊர் திரும்பியது. அவ்வெள்ளைக் கமக்காரர்களுக்கு நம் மொழி தெரியாது. நம் சரித்திரம் தெரியாது. தங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர் குறைகின்றனர் என்பது மட்டுமே தெரிந்தது. அதுவே போதியதாயிற்று.

இனி நம்மைப் பார்ப்போம். பிறர் நமக்குச் செய்ததை எண்ணி நெகிழ்வது எளிது. 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் ஒரு படகு தத்தளித்தது. அதில் நூற்றுக்கு மேற்பட்ட றோகிங்கியா அகதிகள், பெண்களும் குழந்தைகளுமாக இருந்தனர். மீனவரும் ஊர் மக்களும் உணவும் நீரும் கொண்டு ஓடினர். அம்மக்களைத் தலைவணங்குகின்றோம். பின்னர் அவ்வகதிகள் கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் வைக்கப்பட்டனர். கேப்பாப்புலவு! தம் காணியைத் திருப்பித் தருமாறு நம் மக்கள் 2017 இல் இரவு பகலாக வீதியோரத்தில் இருந்த மண் அது. முள்வேலிக்கு உள்ளே இருப்பதென்றால் என்னவென்று நமக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆனால் படகு கரைசேர்ந்த நாளில் ஓடிய நாம், வேலி அடைத்த பின்னர் எத்தனை முறை அவர்களைப் பற்றிக் கேட்டோம்?

முதல்நாள் உணவு கொடுப்பது ஈகை. எழுபத்தாறாம் நாளிலும் "அவர் எங்கே?" என்று கேட்பதே நீதி.

ஆதலால் இளைஞர்களே, உங்களிடம் நாம் வேண்டுவன பெரியனவல்ல. அகதிகள் காவலில் வைக்கப்பட்டால், எத்தனை பேர், எத்தனை நாள், எந்தச் சட்டத்தின்கீழ் என்று கேட்டு எழுதுங்கள். விடை வரும்வரை எழுதுங்கள். இச்சபையிலுள்ள சட்டத்தரணிகள் அக்கடிதத்தைத் திருத்திக் கொடுக்கட்டும். மருத்துவர்கள் அவர்களின் உடல்நலத்தைப் பற்றிக் கேட்கட்டும். கமக்காரர் வழக்கம்போல் ஒரு மூடை அரிசியும் மரக்கறியும் அனுப்பட்டும். அனுமதி கிடைக்குமாயின் ஒரு பந்தை எடுத்துச் செல்லுங்கள். வேலிக்குள் இருக்கும் சிறுவர்களுடன் ஒரு மாலைப்பொழுது ஆடுங்கள். அவர்கள் பெயர்களைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உங்களோடு ஆடியவன் உங்கள் அணியைச் சேர்ந்தவன். அவனைக் காணவில்லையெனின் தேடுவது உங்கள் கடன்.

"பந்தடிக்கிறவனுக்கு அரசியல் எதற்கு?" என்று இனி எவரேனும் கேட்டால், "எங்கள் அணியில் ஓராள் குறைகிறது" என்று விடை கூறுங்கள்.