கொடிக்கு மட்டும் காவலா?



1987 ஜூலை 24. பாரசீக வளைகுடாவில், குவைத் எண்ணெய் ஏற்ற வெறுங்கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது 'பிரிட்ஜ்டன்'. ஏறக்குறைய 4 லட்சம் டன் கொள்ளும் ராட்சத டேங்கர். துணைக்கு அமெரிக்கப் போர்க்கப்பல்கள். ஃபார்சி தீவை நெருங்கும்போது கடற்கண்ணி ஒன்று வெடித்து, கப்பலின் அடிப்பக்கத்தில் பெரிய ஓட்டை விழுந்தது.

பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கவே முடியாதது. டேங்கர் நிற்கவில்லை, வேகத்தைக் குறைத்துக்கொண்டு முன்னே போனது. போர்க்கப்பல்கள் அதன் பின்னால் வரிசையாக வந்தன. அவற்றின் உடல் மெல்லியது. ஒரு கண்ணி பட்டாலே மூழ்கிவிடக்கூடும். டேங்கரோ பல அறைகளாகத் தடுக்கப்பட்டது, இரண்டொரு அறையில் தண்ணீர் புகுந்தாலும் மிதக்கும். காவலுக்கு வந்தவர்கள், காக்க வேண்டிய கப்பலின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்கள். முன்னால் போன அந்தக் கப்பலில் இருந்தவர்கள் படைவீரர்கள் அல்லர்; சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மாலுமிகள்.

இது எப்படி வந்தது? ஈரான்–ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஈரானின் எண்ணெய் வருமானத்தை முடக்க ஈராக் டேங்கர்களைத் தாக்கியது. ஈராக்குக்குத் துணைநின்ற குவைத்துக்குப் போய்வரும் கப்பல்களை ஈரான் தாக்கியது. குவைத் சோவியத் யூனியனிடமும் அமெரிக்காவிடமும் உதவி கேட்டது. சோவியத் மூன்று டேங்கர்களை வாடகைக்குக் கொடுத்தது. அமெரிக்கா, குவைத்தின் 11 டேங்கர்களைத் தன் பதிவேட்டில் சேர்த்துத் தன் கொடியை ஏற்றியது; பிரிட்ஜ்டனும் அவற்றில் ஒன்று. கொடி மாறியதும் கப்பல் அமெரிக்கக் கப்பல். கடற்படை துணைக்கு வரலாம்.

அப்படியானால் பனாமா கொடி, லைபீரியா கொடி கட்டிய கப்பல்கள்? வரி குறைவு, சட்டம் தளர்வு என்பதற்காக முதலாளிகள் தேர்ந்தெடுக்கும் கொடிகள் அவை. அந்த நாடுகளுக்கு வளைகுடாவுக்கு அனுப்பக் கடற்படை ஏது? அந்தக் கப்பல்களில் வேலை பார்த்தவர்கள் அடிவாங்கிக்கொண்டே ஓட்டினார்கள். அந்தப் போரில் 400-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல் மாலுமிகள் உயிரிழந்தார்கள். மற்ற நடுநிலைக் கப்பல்கள் உதவி கேட்டாலும் தன் கடற்படை போகலாம் என்று அமெரிக்கா அறிவித்தது 1988 ஏப்ரல் கடைசியில்தான். இத்தனை தாமதத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

காவல் வேலை எளிதானது என்று நான் சொல்லவில்லை. 1988 ஏப்ரல் 14 அன்று 'சாமுவேல் பி. ராபர்ட்ஸ்' என்ற அமெரிக்க ஃபிரிகேட்டின் கண்காணிப்பாளர் எதிரே மிதக்கும் கண்ணிகளைப் பார்த்துவிட்டார். வந்த தடத்திலேயே பின்வாங்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று வெடித்தது. கப்பலின் முதுகெலும்பு முறிந்தது. இயந்திர அறைக்குள் வெள்ளம், மேலே தீ. விரிசல் விட்ட மேற்கட்டுமானத்தை எஃகுக் கம்பிக் கயிறுகளால் இழுத்துக்கட்டி, மணிக்கணக்காகப் போராடிக் கப்பலைக் காப்பாற்றினார்கள். ஒருவரும் சாகவில்லை. அந்தக் கண்ணியின் வடிவமைப்பு 1908-ஆம் ஆண்டு ரஷ்யாவுடையது. எண்பது வருடப் பழைய வடிவமைப்பு, நவீனப் போர்க்கப்பலை முறித்துப் போட்டது.

காவலுக்கு வந்தவர்களின் கையாலேயே கொடுமையும் நடந்தது. 1988 ஜூலை 3 அன்று 'வின்சென்ஸ்' போர்க்கப்பல், ஈரானின் பயணிகள் விமானத்தைப் போர் விமானம் என்று தவறாகக் கருதிச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள். ஆகஸ்டில் போர் நின்றது.

இப்போது ஏடன் வளைகுடாவுக்கு வருவோம். 2024 ஜனவரி 26 அன்று 'மார்லின் லுவாண்டா' என்ற டேங்கரை யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் ஏவுகணை தாக்கியதில் கப்பல் தீப்பிடித்தது. உள்ளே நாப்தா, எளிதில் பற்றி எரியும் திரவம். கப்பலில் இருந்தவர்கள் இந்தியர்கள் 22 பேர், வங்கதேசத்தவர் ஒருவர். கொடி மார்ஷல் தீவுகளுடையது. நம்முடைய ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் விரைந்தது, தீயணைப்புக் குழு எரியும் கப்பலிலேயே ஏறி, மாலுமிகளோடு சேர்ந்து தீயை அணைத்தது. எந்தக் கொடி என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எனக்கு அதில் பெருமை உண்டு.

ஆனால் அதே ஆண்டு மார்ச் 6 அன்று, பார்படோஸ் கொடி கட்டிய 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' தாக்கப்பட்டபோது, ஐ.என்.எஸ். கொல்கத்தா போய் 21 பேரை மீட்டது. அதற்கு முன்பே மூன்று மாலுமிகள் இறந்திருந்தார்கள்: இருவர் பிலிப்பைன்ஸ்காரர்கள், ஒருவர் வியட்நாம்காரர். மூவருடைய நாட்டுக் கொடியும் அந்தக் கப்பலில் இல்லை.