நீதி பேசப்பட்ட வீடு

பல நாடுகளிலிருந்தும் இணைய வழியே இணைந்திருக்கும் நண்பர்களே, பிளேட்டோவின் ‘குடியரசு’ என்றதும் தத்துவஞானி ஆளும் நாடும் மூன்று வகுப்புகளும்தான் நம் நினைவுக்கு வரும். இன்று நான் அந்த உரையாடல் நடக்கும் வீட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அது ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் இருந்த பொலிமார்க்கஸின் வீடு. அவருடைய தந்தை கெபாலஸ் சிசிலித் தீவின் சிராகூசிலிருந்து வந்து குடியேறியவர். ஏதென்ஸில் இப்படிப்பட்டவர்களை ‘மெட்டிக்’ என்றார்கள். ஆண்கள் ஆண்டுக்கு 12 திராக்மா தனிவரி கட்டவேண்டும். போரென்றால் படையிலும் நிற்கவேண்டும். ஆனால் வாக்குரிமை கிடையாது.

அந்த வீட்டில்தான் நீதி என்றால் என்ன என்ற கேள்வி எழுகிறது. நண்பனுக்கு நன்மையும் பகைவனுக்குத் தீமையும் செய்வதே நீதி என்கிறார் பொலிமார்க்கஸ். யாருக்கும் தீங்கு செய்வது நீதிமானின் வேலையல்ல என்று சாக்ரடீஸ் அவரை ஒப்புக்கொள்ள வைக்கிறார். உடனே திராசிமாக்கஸ் குறுக்கிட்டு, வலியவனின் நலனுக்குத்தான் நீதி என்று பெயர் என்கிறார்.

கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றது. முப்பது பேரின் ஆட்சி வந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான கிரிட்டியாஸ், பிளேட்டோவின் தாய்வழி உறவினர். அவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. செல்வமுள்ள குடியேறிகள்மீது கண் விழுந்தது. விசாரணையே இல்லாமல் பொலிமார்க்கஸுக்கு நஞ்சு கொடுக்கப்பட்டது. தப்பியோடிய தம்பி லைசியஸ், பின்னர் நீதிமன்றத்தில் இதையெல்லாம் சொன்னார். பறிபோனவற்றில் 700 கேடயங்களும் 120 அடிமைகளும் இருந்தன.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே பிளேட்டோ இந்நூலை எழுதினார். அவருடைய இலட்சிய நாட்டில் காவலர்களுக்குச் சொந்த வீடோ நிலமோ பொன்னோ கிடையாது. அதிகாரமும் பணமும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த வீட்டின் கதையே காட்டியிருந்தது. அந்த விதியை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

ஆனால் ஆளப்படுகிறவனுக்கு அந்த நாட்டிலும் குரல் இல்லை. அந்த 120 பேருக்கு உரியது எது என்று அன்று அந்த வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. நீதியைப் பற்றிப் பேசும்போது, பேச்சில் இடம்பெறாதவர் யார் என்று நாம் முதலில் பார்க்கவேண்டும். குடியேறிகளாக வாழும் நமக்கு இது தெரியாத செய்தியல்ல. உங்கள் கேள்விகளை எதிர்பார்க்கிறேன்.