பாட்டுக்குள் வந்த சவ வண்டி

வழிபாட்டுப் பாட்டு நாட்டார் வாய்க்குப் போனால் என்ன ஆகிறது என்பதே இந்தக் கருத்தரங்கின் பொருள். பொதுப்படப் பேசினால் யார் சொல்வதும் சரியாகத்தான் தோன்றும். ஆகவே தொடக்கத்திலேயே ஒரு பாட்டைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

லண்டனைச் சேர்ந்த ஏடா ஹேபர்ஷன் எழுதி, அமெரிக்கரான சார்லஸ் கேப்ரியல் மெட்டமைத்து 1907-இல் வந்த ஞானப்பாட்டு 'வில் த சர்க்கிள் பி அன்புரோக்கன்'. சார்லஸ் அலெக்சாந்தர் நடத்திய நற்செய்திப் பாட்டுக் கூட்டங்களுக்காக நிறைய எழுதியவர் ஹேபர்ஷன். இதன் சரணங்கள் கேட்பவரைப் பார்த்து 'நீங்கள்' என்றே பேசுகின்றன: குளிர்காயச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள், அவர்களோடு நீங்கள் மேலே போய்ச் சேர்வீர்களா என்று. மேடையிலிருந்து விடும் அழைப்பு அது. கண்ணீர் உண்டு, ஆனால் யாருடைய கண்ணீர் என்று சொல்ல முடியாது.

1935-இல் வர்ஜீனியா மலைப்பகுதியின் கார்ட்டர் குடும்பம் இதை இசைத்தட்டில் பாடியது. ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல் என்று மூன்றே பேர். பல்லவி ஏறக்குறைய அப்படியே இருக்க, சரணங்கள் மட்டும் முழுக்கப் புதியவை. மூடம் போட்ட குளிர்நாள். ஜன்னலோரம் நிற்கும் ஒருவர், தம் தாயை எடுத்துப்போகச் சவ வண்டி வருவதைப் பார்க்கிறார். வண்டியை மெல்ல ஓட்டச் சொல்லிக் கெஞ்சுகிறார். அடக்கம் முடிந்து திரும்பினால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. 'நீங்கள்' இருந்த இடத்தில் 'நான்' வந்துவிட்டது. பல்லவியிலும் ஒரு நுட்பம் உண்டு. வானத்தில் மேலான வீடு இருக்கிறதா என்று மூலம் கேட்கிறது. கார்ட்டர் பாட்டில் அது இருக்கிறது என்றே அடித்துச் சொல்லப்படுகிறது. சந்தேகம் முழுவதும், குடும்பம் அங்கே ஒன்றுசேருமா என்பதில் மட்டும்தான்.

இதைச் சிதைவு என்பவர்கள் உண்டு. அது பாமாலைப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவர்களின் கணக்கு. கூட்டத்தில் எல்லோர் வாயிலும் தங்குவது பல்லவி. சரணம் புத்தகத்தோடு நின்றுவிடும். மிஞ்சிய பல்லவிக்கு, இழவு வீட்டை அறிந்தவர்கள் தங்கள் சரணத்தைக் கட்டிக்கொண்டார்கள். (பாடிய கணவனும் மனைவியும் அதற்குள் பிரிந்து வாழத் தொடங்கியிருந்தார்கள், அடுத்த ஆண்டு மணவிலக்கும் ஆயிற்று. அதைப் பாட்டின் பொருளாக்கிவிட வேண்டாம்.)

பக்தியும் துயரமும் மட்டும் இந்த வேலையைச் செய்யவில்லை. 1927-இல் பிரிஸ்டல் நகரில் கார்ட்டர் குடும்பத்தை முதன்முதலில் பதிவுசெய்த ரால்ஃப் பியரின் வருமானமே பாட்டின் பதிப்புரிமையில் இருந்தது. பழைய பாட்டைத் திருத்திப் புதிதாகக் கொடுத்தால்தான் காசு. அதற்காகவே ஏ.பி. ஊர் ஊராகப் பாட்டுத் தேடி அலைந்தார். பல பயணங்களில் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞரும் உடன் போனார், ஏ.பி. சொற்களை எழுதிக்கொள்ள, மெட்டை மனத்தில் வாங்கிக்கொள்வது ரிடிலின் பொறுப்பு. இசைத்தட்டுகளில் ஏ.பி. கார்ட்டர் பெயர் இருக்கும். ரிடில் பெயர் இருக்காது. நாட்டார் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1972-இல் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற கலிஃபோர்னிய இளைஞர்கள், முதியவரான மேபெலையே பாடவைத்து மூன்று தட்டுத் தொகுப்பாக வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்பின் பெயர் ஹேபர்ஷன் வைத்த தலைப்பு. உள்ளே ஒலிப்பதோ கார்ட்டர் குடும்பத்தின் சவ வண்டிச் சரணம். இன்று முதல் அமர்வில் கட்டுரை படிப்பவர்கள், தங்கள் பாட்டிலும் பல்லவியையும் சரணத்தையும் தனித்தனியே வைத்து, எது யாரிடமிருந்து வந்தது, யார் பெயரில் பதிவானது என்று காட்டினால் விவாதத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.