கட்ச் மண்ணின் ஊசிக் கலையும் நமது கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் தமிழின் பெருமையைப் பேசுவது நம் வழக்கம். அது தக்கதே. ஆயினும், நமக்குச் சோறளிக்கும் இந்தக் கட்ச் மண்ணைப் பற்றி இவ்வாண்டு சில சொற்கள் கூற விழைகிறோம். துறைமுக வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்குமாக வந்தோம். காலனி வீடுகளில் குடியேறினோம். பிள்ளைகளையும் இங்கேயே படிக்க வைத்தோம். இம்மண்ணின் கலையை அறிந்தோமா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உறவினருக்குக் கொடுக்கக் கண்ணாடி பதித்த பை ஒன்று வாங்குவோம், அத்துடன் சரி.

அவ்வாறு வாங்குகையில் நாம் இழைத்த பிழை ஒன்றைச் சொல்லியே தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் முதிய பெண்மணி ஒருவர் துணி மூட்டையுடன் நம் காலனி வாயிலுக்கு வந்தார். மூட்டையில் பழைய பூவேலைத் துணி ஒன்று இருந்தது. அவர் ஒரு விலை சொன்னார். நாம் அதில் பாதி கேட்டோம். வெயில் ஏறும் வரையில் அவர் காத்திருந்தார். இறுதியில் நாம் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஏதோ வெற்றி பெற்றவர்களைப்போல் அதனை வீட்டுக்குள் கொண்டு சென்றோம். அது அவருடைய தாய் அவருக்குத் தைத்தளித்த சீரோ, தம் மகளுக்கென அவரே தைத்து வைத்ததோ, நாம் கேட்கவே இல்லை.

கேட்டிருக்க வேண்டும் என்பதை, நம் சங்கக் குடும்பங்கள் சில அஜ்ரக்பூருக்குச் சென்று வந்த பிறகே உணர்ந்தோம். புஜ் நகரிலிருந்து பச்சாவு செல்லும் சாலையில் உள்ளது அச்சிற்றூர். அங்கே ஸ்ருஜன் என்னும் அறநிறுவனம் ஊசிக் கலைக்கென ஓர் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறது. அந்நிறுவனத்தின் வரலாறு நாம் அனைவரும் அறியத்தக்கது.

1969-ஆம் ஆண்டில் கட்ச் கடும் வறட்சிக்கு ஆளாயிற்று. தனேட்டி என்னும் கிராமத்தில் ராமகிருஷ்ண மிஷன் இலவச உணவுச்சாலை நடத்தியது. அப்பணிக்கு உதவுவதற்காகப் பம்பாயிலிருந்து வந்தார் சந்தாபென் ஷ்ராஃப் அம்மையார். பசித்தவர்களும் இலவசச் சோற்றுக்குக் கை நீட்டக் கூசுவதை அவர் கண்டார். அம்மக்கள் வேண்டியது வேலையே அன்றிப் பிச்சை அன்று. அப்பெண்கள் உடுத்தியிருந்த ஆடைகளிலோ, பட்டணத்தில் காண்பதற்கரிய பூவேலை மிளிர்ந்தது. வேலை வேறெங்கும் இல்லை, அவர்கள் விரல்களிலேயே இருக்கிறது என்று அம்மையார் தெளிந்தார். 30 பெண்களிடம் சேலைகளைக் கொடுத்துப் பூவேலை செய்வித்தார். அவற்றைப் பம்பாயில் காட்சிக்கு வைத்தார். அவை விற்றுத் தீர்ந்தன. இவ்வாறு பிறந்ததே ஸ்ருஜன்.

அந்நிறுவனத்தின் முறை எளியது. பெண்களைத் தொழிற்சாலைக்கு அழைப்பதில்லை. துணியும் நூலும் அவர்கள் வீட்டிற்கே சென்று சேரும். வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் இடையே, தமக்கு வாய்த்த நேரத்தில் அவர்கள் தைக்கிறார்கள். முடித்த வேலைக்குரிய கூலி அவர்கள் கைக்கே வருகிறது. சீருக்காக மட்டுமே ஊசி பிடித்த கை, குடும்பத்துக்குப் பொருள் ஈட்டும் கையாயிற்று.

கூலி அளிப்பதோடு அம்மையார் நிற்கவில்லை என்பதே இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது. வறட்சி வந்தபோதெல்லாம் இம்மக்கள் பெட்டியில் இருந்த பழந்துணிகளை வியாபாரிகளிடம் விற்றுப் பசியாறினார்கள். பாட்டி தைத்த துணி வீட்டில் இல்லையேல், பேத்தி எதைப் பார்த்துக் கற்பாள்? எனவே, ஒவ்வொரு சமூகத்திலும் தேர்ந்த கைகளைக் கொண்டு, விற்பனைக்கன்றிப் பாதுகாப்பதற்கென்றே பூவேலைத் துணிகளைத் தைக்கச் செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அத்துணிகள் உருவாயின. அவற்றை வண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்று, தைப்பவர்களுக்கே காட்டினார்கள். ஆராய்ச்சி என்றால் ஏட்டில் எழுதி அலமாரியில் பூட்டுவது என்று எண்ணுகிறோம். இங்கோ, ஆராய்ந்து சேர்த்த அறிவு அதற்கு உரியவர்களிடமே திரும்பிச் சென்றது.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நிலநடுக்கம் இந்நிலத்தையே புரட்டிப் போட்டது. அத்துயரத்துக்குப் பின்னும் பணி தொடர்ந்தது. 2006-இல் அம்மையாருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. 2016-இல் அஜ்ரக்பூர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அம்மையார் மறைந்தார்.

அங்கே கண்டவற்றுள் ஓரிரண்டைச் சொல்லாதிருக்க இயலாது. சூஃப் என்பது ஒரு வகைத் தையல். துணியில் கோடு வரைவதில்லை. தைப்பவள் துணியின் பின்புறத்திலிருந்து இழைகளை எண்ணி எண்ணித் தைக்கிறாள். முன்புறத்தில் முக்கோணங்கள் மலர்கின்றன. ஓர் இழை தப்பினாலும் உருவம் கோணிவிடும். கோலத்துக்குப் புள்ளி வைக்கும் நம் தாய்மார்களுக்கு இக்கணக்கின் அருமை புரியும். இத்தையலை அறிந்தவருள் பலர், 1971-ஆம் ஆண்டுப் போரை ஒட்டித் தார்பார்க்கர் பகுதியை விட்டுக் கட்சில் குடியேறிய குடும்பத்தினர். நிலத்தை விட்டு வந்தவர்கள் தையலை விடவில்லை. பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு இது நெஞ்சில் தைக்கும் செய்தி அன்றோ?

காரேக் என்னும் தையலுக்குப் பேரீச்சையின் பெயர். பக்கோ என்பது பெயருக்கேற்ப நெருக்கமும் உறுதியும் உடையது. ரபாரிப் பெண்கள் சங்கிலித் தையலால் பல வடிவக் கண்ணாடிகளைப் பதிக்கிறார்கள். அவர்களுள் தேபரியா பிரிவினர், சீர்த் துணி தைத்து முடியும் வரை திருமணங்கள் தள்ளிப்போவதைக் கண்டு, 1995-இல் தம் பெண்கள் தமக்கென ஊசி வேலை செய்வதையே தடுத்துவிட்டனர். அழகிய கலையும் ஒருத்திக்குச் சுமையாகலாம் என்பதற்கு இது சான்று. ஆகவே, கலையைக் காப்பவர்கள் கலைஞரின் வாழ்வையும் காக்க வேண்டும். துணி மட்டும் பிழைத்து, தைத்தவள் வாடுவாளாயின் அது காப்பு ஆகாது.

இக்கலைகள் நமக்கு அயல் என்றும் எண்ண வேண்டா. கட்சின் பாந்தணி முடிச்சுக்கும் நம் மதுரைச் சுங்குடி முடிச்சுக்கும் உறவு உண்டு. சுங்குடியை மதுரையில் வளர்த்த சௌராட்டிர மக்களின் முன்னோர் இந்தக் குஜராத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் அங்கே சென்று கலை வளர்த்தார்கள். நாம் இங்கே வந்து பேரம் பேசுகிறோம்!

அன்பர்களே, நம்மால் ஆகக்கூடியது என்ன? கையால் தைத்ததற்கும் இயந்திரம் தைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்போம். வாங்கும்போது, தைத்தவர் யார், எத்தனை நாள் உழைத்தார் என்று கேட்போம். உழைப்புக்குரிய விலையைக் குறைக்காது கொடுப்போம். நம் பிள்ளைகளை ஒரு முறையேனும் அஜ்ரக்பூருக்கு அழைத்துச் செல்வோம்.

அன்று பாதி விலைக்கு வாங்கிய துணியே இன்று இம்மேடையின் மேசை மீது விரிக்கப்பட்டிருக்கிறது. விழா முடிந்ததும் அருகில் வந்து, அதன் பின்புறத்தையும் புரட்டிப் பாருங்கள். அதைத் தைத்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. மீதி விலையைக் கொடுக்க அவரை இனிக் காணவும் வழியில்லை. அவருடைய மக்களுக்கும் பேத்திகளுக்கும் அக்கடனை நாம் தீர்ப்போமாக.

வாழ்க கலை! வாழ்க கைத்தொழில் புரிவோர்!