லென்ஸுக்கு ஒரு துபாஷி



சித்தூரில் எனக்குப் பழக்கமான ஒரு ஸ்டுடியோ உண்டு. முப்பது வருடத்துக்கு மேலாகக் கல்யாணப் படம் எடுக்கிற இடம். மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் அங்கே போயிருந்தேன். ஸ்டுடியோக்கார அண்ணன் உள்ளறை பீரோவைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றியிருந்த நான்கு லென்ஸ்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எல்லாம் ஃபிலிம் காலத்துது. பையன் தொடவே மாட்டேங்கிறான் தம்பி. எடைக்குப் போட்டுடலாமா, இல்ல இன்னும் உசிரு இருக்கா, நீயே பார்த்துச் சொல்லு" என்றார்.

மினோல்டா 70-210 ஒன்று. கேனான் 50 எம்.எம். ஒன்று. நிக்கான் 85 ஒன்று. கேனான் மவுண்ட்டோடு வந்த சிக்மா ஜூம் ஒன்று. நான்கும் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள். இவற்றை அடாப்டர் போட்டு இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் மாட்டி, வைகாசி வரை படமெடுத்துப் பார்த்தேன். அந்த அனுபவத்தைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பழைய லென்ஸ் என்றதும் படமெடுப்பவர்கள் நினைப்பது இரும்பும் கண்ணாடியுமாகக் கனக்கிற, கையால் திருப்பி ஃபோகஸ் செய்கிற லென்ஸை. ரஷ்ய ஹீலியோஸ், ஜப்பானிய டகுமார் என்று அதற்கு ஊரெல்லாம் ரசிகர்கள். 1985க்குப் பிறகு பதினைந்து வருடம் வந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் உடம்பு, ஒல்லியான ஃபோகஸ் வளையம், ஃபோகஸ் தேடும்போது ஒரு கிர்ர் சத்தம். பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் உள்ளே இருக்கிற கண்ணாடி நல்ல கண்ணாடி. அவற்றை ஒதுக்குவது அநியாயம் என்பது என் கட்சி.

முதலில் இவற்றை எப்படிப் புது கேமராவில் மாட்ட முடிகிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். படம் எடுக்கும் கணத்தில் அது மேலே எழும்பி வழிவிடும். அது எழும்ப இடம் வேண்டும் என்பதால் லென்ஸைத் தள்ளியே நிறுத்தினார்கள். கேனான் இ.எஃப். மவுண்ட்டில் ஃபிலிமுக்கும் லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் நடுவே 44 மில்லிமீட்டர். நிக்கானில் 46.5. மினோல்டாவில் 44.5. மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சோனியில் இந்த இடைவெளி 18 மில்லிமீட்டர்தான், நிக்கான் இசட் மவுண்ட்டில் 16தான். மிச்சமாகிற இடத்தில்தான் அடாப்டர் உட்காருகிறது. மினோல்டா லென்ஸைச் சோனியில் மாட்ட வேண்டுமானால் 26.5 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் தேவையில்லை. லென்ஸ் தான் பிறந்த கேமராவில் எவ்வளவு தூரத்தில் நின்றதோ அதே தூரத்தில் இங்கேயும் நிற்கிறது.

கையால் திருப்புகிற லென்ஸுக்கு இந்த வளையம் போதும். ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்குப் போதாது, ஏனென்றால் அது கேமராவோடு பேச வேண்டும். எத்தனை எம்.எம்., அபெர்ச்சர் எவ்வளவு திறந்திருக்கிறது, ஃபோகஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று மின்தொடுப்புகள் வழியாக ஓயாத பேச்சு. கம்பெனிக்குக் கம்பெனி பாஷை வேறு.

இந்த இடத்தில் நம் பக்கத்துச் சரித்திரச் சொல் ஒன்று எனக்கு ஞாபகம் வருகிறது. துபாஷி. இரண்டு பாஷை தெரிந்தவர். சென்னைப்பட்டினத்துக்கு 1639இல் இடம் கேட்டு வந்த ஆங்கிலேயர் பிரான்சிஸ் டேயின் கதையில் பேரி திம்மப்பா என்ற துபாஷியின் பெயர் சேர்ந்தே வரும். அந்தக் கதையில் வருகிற விஜயநகர ராயருடைய சந்திரகிரி, இன்றைக்குத் திருப்பதியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம். சித்தூரிலோ வீட்டுக்கு வீடு துபாஷிகள்தான். வாசலில் தெலுங்கு, அடுப்படியில் தமிழ். நல்ல அடாப்டர் அப்படிப்பட்ட துபாஷி. லென்ஸ் தன் பாஷையில் சொல்வதைக் கேட்டுக் கேமராவின் பாஷையில் சொல்கிறது, கேமராவின் பதிலைத் திரும்ப லென்ஸுக்குச் சொல்கிறது.

அண்ணனின் மேஜைக்கு வருவோம். பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸை யாராவது கையில் கொடுத்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, மோட்டார் எங்கே என்பது. லென்ஸுக்குள் இருக்கிறதா, கேமராவுக்குள் இருந்ததா? மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

கேனான் 1987இல் இ.ஓ.எஸ். 650 கேமராவைக் கொண்டுவந்தபோது பழைய மவுண்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்தது. அபெர்ச்சரும் மின்சாரத்திலேயே இயங்கியது. கையிலிருந்த லென்ஸெல்லாம் பயனில்லாமல் போனதே என்று அன்றைக்குப் பலரும் வருந்தியிருப்பார்கள். இன்று பார்த்தால் அது எவ்வளவு தொலைநோக்கான முடிவு! 87ஆம் வருடத்துக் கேனான் லென்ஸை 2018இல் வந்த கேனானின் ஆர் அடாப்டரில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் அப்படியே வேலை செய்கிறது. அண்ணனிடம் இருந்தது 1990இல் வந்த 50 எம்.எம். எஃப் 1.8. வெறும் 130 கிராம். மவுண்ட்கூட பிளாஸ்டிக். அவருடைய மகனின் கேனான் ஆர்6இல் மாட்டி, அங்கே டீ கொண்டுவந்த பையனைப் பார்த்துப் பிடித்தேன். ஒரு சின்ன முனகல், உடனே கண்மேல் சதுரம் விழுந்தது. இந்த லென்ஸைச் செய்தவர்கள் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிற கேமராவை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கை நடுக்கத்தைத் தாங்குகிற வசதியும் கேமரா உடம்பிலிருந்து இதற்குக் கிடைத்துவிடுகிறது.

அங்கே இன்னொன்றும் நடந்தது. "இந்த லென்ஸ் எப்பவுமே கொஞ்சம் மசமசன்னுதான் எடுக்கும்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தால் இமை மயிர் தனித்தனியாகத் தெரிகிறது. எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் பார்க்கிற சென்சார் கேமராவின் அடிப்பக்கத்தில் தனியாக இருக்கும். அதன் கணக்கும் ஃபிலிம் இருக்கிற இடமும் மயிரிழை பிசகினாலும் ஃபோகஸ் மூக்கிலோ காதிலோ போய் விழும். மிரர்லெஸ்ஸில் படம் பதிகிற சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் அந்தப் பிசகு இல்லை. எத்தனை நல்ல லென்ஸ்கள் தங்கள்மேல் குற்றமே இல்லாமல் கெட்ட பெயர் வாங்கி பீரோவுக்குள் போயிருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மினோல்டாவின் கதை வேறு. ஆட்டோஃபோகஸைச் சாதாரண மக்கள் கைக்குக் கொண்டுவந்ததே 1985இல் வந்த மினோல்டா 7000தான். அதில் மோட்டார் கேமராவுக்குள். மவுண்ட்டிலிருந்து திருப்புளி மாதிரி ஒரு சின்ன முனை நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸின் பின்பக்கத்தில் அந்த முனை பொருந்த ஒரு பள்ளம். கேமரா திருப்ப, லென்ஸ் திரும்பும். அண்ணனிடம் இருந்த 70-210 எஃப் 4 அந்த முதல் வருடத்துச் சரக்கு. பீர் டின் போல நேராக உருண்டு நிற்பதால் பீர்கேன் என்றே உலகமெங்கும் செல்லப் பெயர். ஏறக்குறைய 700 கிராம், முழுக்க உலோகம். ஜூம் செய்தாலும் நீளாது. முன்னே சொன்ன பிளாஸ்டிக் கூட்டத்தில் இது ஒரு விதிவிலக்கு.

2006இல் மினோல்டாவின் கேமரா தொழில் சோனி கைக்குப் போனதால் இந்த லென்ஸுக்கு வாரிசு கிடைத்தது. 2020இல் சோனி வெளியிட்ட எல்.ஏ.-இ.ஏ.5 என்ற அடாப்டருக்குள்ளேயே அந்தத் திருப்புளி மோட்டாரை அடக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. திருப்புளி லென்ஸ்களை அது ஓட்டுவது ஏ7ஆர் 4, ஏ6600 போன்ற சில பாடிகளில் மட்டும்தான். ஏ7 3 வைத்திருப்பவர் வாங்கி மாட்டினால் லென்ஸ் அசையாது. வாங்கும் முன் உங்கள் கேமராவின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய கேமரா ஏ7ஆர் 4. பீர்கேனை மாட்டி எடுத்துக்கொண்டு மே மாதம் திருப்பதி தாத்தையகுண்ட கங்கம்மா ஜாத்திரைக்குப் போனேன். திருமலைக் கோயிலுக்குள் கேமராவுக்கு இடமில்லை, அது முறைதான். கீழே ஊரில் கங்கம்மாவின் வாரத்தில் தெருவே மேடை. ஆண்பிள்ளைகள் புடவை கட்டிப் பூ வைத்து வருவார்கள். ஒரு நாள் பைராகி வேஷம், உடம்பெல்லாம் நாமக்கட்டி வெள்ளை. ஒரு நாள் பண்ட வேஷம், குங்குமச் சிவப்பு. ஒரு நாள் தோட்டி வேஷம், கரிப் பூச்சு.

ஒரு லென்ஸை எடைபோட இந்த மூன்று நிறத்தைவிட நல்ல தராசு எனக்குத் தெரியாது. வெள்ளை பூசிய தோளின் விளிம்பில், உச்சிவெயிலில், பீர்கேன் எஃப் 4இல் ஊதாக் கோடு ஒன்று போட்டது. என் கேமராவின் 61 மெகாபிக்சல் அதை மறைக்கவில்லை. 5.6க்கு இறக்கியதும் கோடு பெரும்பாலும் போய்விட்டது. குங்குமத்தில் அது கொடுத்த சிவப்பை என்னவென்று சொல்வது! அப்போதுதான் அரைத்த மாதிரி, ஈரமும் துகளும் தெரிகிற சிவப்பு. கரி பூசிய நாளில்தான் சோதனை. கறுப்புக் கன்னத்தில் பிடிமானம் கிடைக்காமல் லென்ஸ் கிர்ர் கிர்ர் என்று முன்னும் பின்னும் அலைந்தது. எட்டு, ஒன்பது வயதுப் பையன் ஒருவன், முகம் முழுக்கக் கரி, கழுத்தில் வேப்பிலை. சத்தம் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். கண்ணின் வெள்ளை தெரிந்த கணத்தில் ஃபோகஸ் அதில் போய் உட்கார்ந்தது. பறை அடிக்கிற தெருவில் அந்தக் கிர்ர் யாருக்கும் தொந்தரவில்லை. முகூர்த்த நேரத்தில் வீடியோ எடுக்கிறவருக்கு இந்த லென்ஸை நான் சொல்ல மாட்டேன்.

நிக்கான் விஷயம் மனசுக்குக் கஷ்டமானது. 1959லிருந்து ஒரே மவுண்ட்டைக் கைவிடாமல் காப்பாற்றிய கம்பெனி அது. அந்த விசுவாசத்துக்காகவே நான் அதை மதிக்கிறேன். ஆட்டோஃபோகஸ் வந்தபோதும் மவுண்ட்டை மாற்றாமல், மினோல்டா போலவே கேமராவுக்குள் மோட்டார் வைத்தார்கள். 2018இல் வந்த அவர்களுடைய சொந்த அடாப்டரான எஃப்.டி.இசட்டிலோ அந்த மோட்டார் இல்லை. அபெர்ச்சர் இயங்கும், வெளிச்சக் கணக்கு சரியாக வரும், ஃபோகஸ் மட்டும் கையால்தான். 85 எஃப் 1.8 டி எப்பேர்ப்பட்ட லென்ஸ்! இந்தப் பக்கத்தில் எத்தனை மணப்பெண் முகங்களைப் பார்த்திருக்கும்! ஒரு நண்பரின் இசட் கேமராவில் மாட்டி, சந்திரகிரி ராஜ மஹாலின் வளைவுகளுக்குக் கீழே கையால் திருப்பி எடுத்தேன். ஃபோகஸ் விழுந்ததும் திரையில் சதுரம் பச்சையாகிறது. நிற்கிறவரை எடுக்க அது தாராளமாகப் போதும். ஓடுகிற குழந்தைக்குப் போதாது. சோனி பாடிக்காக, திருப்புளி மோட்டாரோடு நிக்கான் லென்ஸை ஓட்டுகிற அடாப்டரை மான்ஸ்டர் அடாப்டர் என்ற கம்பெனி செய்திருக்கிறது. நிக்கான் லென்ஸ் ஃபோகஸுக்காகச் சோனி வீட்டு வாசலில் போய் நிற்கிறது.

சிக்மாவைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் கேனானின் பாஷையை வெளியிலிருந்து கேட்டுக் கற்றுக்கொண்டு செய்த லென்ஸ் அது. பிறகு வந்த கேமராக்கள் பேசுவது அதற்குப் புரியவில்லை. அபெர்ச்சரைச் சுருக்கச் சொன்னவுடன் கேமரா தவறு என்று காட்டி நின்றுவிடுகிறது. என்னிடம் இருந்த துபாஷியால் ஆகாத காரியம்.

இப்படி ஒன்றின் தலையை இன்னொன்றின் உடம்பில் வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்த இயற்கையியலாளர், யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த மேதை. அவருடைய கேமரா ஒரு கம்பெனி உடம்பு, இன்னொரு கம்பெனி டெலி லென்ஸ், மிச்சமெல்லாம் தானே சேர்த்துக் கட்டியது. சூப்பர் பாண்டரோசா என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். வெளிநாட்டு லென்ஸ் கிடைப்பதே அரிதான காலம். கையில் இருந்ததைக் கொண்டு, தனக்கு வேண்டியபடி அமைத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தார். அவர் எடுத்த யானைப் படங்களைப் பார்க்கும்போது எந்தக் கம்பெனி லென்ஸ் என்ற கேள்வியே எழுவதில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த லென்ஸாக இருந்தாலும் டார்ச் அடித்துக் குறுக்காகப் பாருங்கள். சிலந்திவலை போலக் கிளை பிரிந்து தெரிந்தால் ஃபங்கஸ். ஐப்பசி கார்த்திகை மழை ஈரத்தில் மூடிய பீரோ அதற்குச் சரியான விளைநிலம். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் வெயிலில் உள்ளே இருக்கிற மசகு உருகி அங்கே வந்துவிடும். அடாப்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் முதலில் வாங்கிய பெயர் தெரியாத மலிவு அடாப்டரில் லென்ஸ் அரை மில்லிமீட்டர் ஆடியது. ஆடும்போதெல்லாம் மின்தொடுப்பு விட்டுப்போய், காணிபாக்கத்தில் ஒரு பெயர்சூட்டு விழாவின் பாதிப் படங்களை இழந்தேன்.

அண்ணனின் லென்ஸ்களில் சிக்மா மட்டும் பீரோவுக்குத் திரும்பியது. 50ஐ மகன் எடுத்துக்கொண்டான். பீர்கேன் இப்போதைக்கு என்னிடம். 85ஐ நான் கேட்டேன், அவர் கொடுக்கவில்லை. போன வாரம் ஸ்டுடியோவுக்குப் போனபோது, சமையலுக்கு ஆகாத ஒரு பழைய வாணலியில் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு மெல்லிய தீயில் புரட்டிக்கொண்டிருந்தார். ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகிப் போன மணிகள் ஒவ்வொன்றாக நீலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பக்கத்து ஸ்டூலில், மூடி கழற்றிய புது பிளாஸ்டிக் டப்பாவில், 85 காத்திருந்தது.